நாய்க்கு ஒரு நிமிஷம், பிள்ளைக்குப் பதினோரு மாதம்

பெயர்ப்பித்தர்கள் என்றோர் இனம் நம்மிடையே உலவுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதென்றால் அடையாளம் சொல்கிறேன். தெருவில் ஒரு நாய்க்குட்டி புதிதாக வந்து சேர்ந்தால் இவர் அதை ஒரு தடவை பார்ப்பார், அது இவரை ஒரு தடவை பார்க்கும், பெயர் விழுந்துவிடும். அந்த நாய் பிறந்ததே அந்தப் பெயரோடுதானோ என்று ஊர் வியக்கும். இதே மனிதர் தன் பிள்ளைக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தால் அப்பா முகத்தைப் பார்ப்பார், மாமனார் முகத்தைப் பார்ப்பார், மேலதிகாரி முகத்தைப் பார்ப்பார், ஜோசியர் முகத்தையும் கட்சிக்காரர் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார். பிள்ளை முகத்தையா? அது தொட்டிலில்தானே கிடக்கிறது. எங்கே ஓடிவிடப் போகிறது?

இந்த இனத்தில் நான் கண்ட முழு வளர்ச்சி பெற்ற உருப்படி, எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் சூளைக்குப் பொறுப்பாக இருந்த சுப்புராயன். ஜாடியும் கோப்பையும் மின்கம்பத்துப் பீங்கானும் அவர் வைத்த நெருப்பில்தான் வெந்து வெளியே வரும். உள்ளே எது தேறும், எது வெடிக்கும் என்று சூளைக்கு வெளியில் நின்றே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கண். அந்தக் கண் பிராணிகளிடமும் வேலை செய்தது.

ஒருநாள் வெள்ளைக் களிமண் குவியலில் புரண்டெழுந்த தெருநாய் ஒன்று தொழிற்சாலை வாசலில் குந்தியிருந்தது. குட்டைக் கழுத்து, பருத்த வயிறு, தலை முதல் வால் வரை ஒரே வெள்ளை. "அட, ஊறுகா ஜாடி!" என்றார் சுப்புராயன். முடிந்தது. அன்று முதல் ஜாடி என்றால் ரயில்வே ஜங்ஷன் வரைக்கும் தெரியும். அவர் வீட்டுக்கு ஒரு பூனை வரும். காலை பதினோரு மணிக்குத்தான் வரும்; வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்வையிடும்; பாலைக் குடிக்கும்; ஒரு எலியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிடும். அதற்குப் பெயர் தாசில்தார். தொழிற்சாலைச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகே கூவுகிற சேவலுக்கு லேட்டு என்று பெயர்.

பக்கத்து வீட்டு நைனா முகம்மது கடைத்தெருவில் ஜாடிக்கடை வைத்திருந்தவர். பக்ரீத்துக்கென்று ஒரு கிடா வாங்கிக் கட்டிய அன்று, சுப்புராயன் எட்டிப் பார்ப்பதற்குள் ஓடிவந்து வழியை மறித்தார்.

"அண்ணே, தயவு பண்ணி நீங்க அதப் பாக்காதீங்க. நீங்க பேரு வச்சிட்டீங்கன்னா பெருநாளைக்கு நான் எப்புடி அதும்மேல கத்தி வைக்கிறது?"

"வைக்கல பாய், வைக்கல," என்று சொல்லிக்கொண்டே சுப்புராயன் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். கிடா தாடியை ஆட்டியபடி தழையை மென்றது. இதைவிட நல்ல தழை இந்த வீட்டில் கிடையாதா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தது. "ஆனா ஜமீந்தாரு நல்லாத்தான் சாப்புடறாரு."

மறுநாள் காலையிலேயே நைனா முகம்மதுவின் மனைவி சாதிகா, "ஜமீந்தாரே, தண்ணி குடிக்க வாங்க" என்று அதைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். பெருநாளைக்கு வேறு கிடா வாங்க வேண்டியதாயிற்று. ஜமீந்தார் கிழடாகும் வரை அந்த வீட்டுத் தழையைத் தின்றுகொண்டிருந்தது.

இப்பேர்ப்பட்ட மகானுக்கு எழுபத்தொன்றாம் வருஷம் புரட்டாசியில் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. தெருவே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. நாய்க்கே இப்படி வைத்தவர் பிள்ளைக்கு எப்படி வைப்பாரோ!

எப்படி வைப்பார்? வைக்கவே இல்லை.

பதினாறாம் நாள் உறவெல்லாம் கூடியது. சுப்புராயனின் தகப்பனார் பெயர் பாவாடை. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வைக்கிற பழைய பெயர். ஆனால் தொழிற்சாலையில் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்களே என்று சுப்புராயன் அதை இனிஷியலோடு நிறுத்திக்கொள்வார். மனைவி சொர்ணாம்பாளின் தகப்பனார் பழமலை, கருவேப்பிலங்குறிச்சியில் விவசாயம் செய்பவர்.

"மூத்த பேரனுக்குத் தாத்தன் பேருதான். இதுல பேச என்னா இருக்குது?" என்று தொடங்கினார் பாவாடை.

"சம்மந்தி சொல்றது நாயம்," என்றார் பழமலை. "தாத்தன் பேருதான் வைக்கணும். நானும் தாத்தன்தான? பழமலைன்னா ஊரு சாமி பேரு வேற."

சுப்புராயனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த கோவிந்தசாமி கட்சிக்காரர். தன் பெயரை மாற்ற வீட்டில் விடவில்லை என்ற குறையை ஊர்ப் பிள்ளைகளிடம் தீர்த்துக்கொள்பவர். "சூளைவேந்தன்னு வைப்பா. ஒரு சொட்டு வடமொழி கெடையாது," என்றார். திருவாதிரை நட்சத்திரத்துக்கு கு, க, ங, ச என்று நான்கு எழுத்துகள் உண்டு, இந்தப் பிள்ளைக்கு அதில் 'ங'தான் அமோகம் என்று ஜோசியர் எழுதிக்கொடுத்தார்.

"ங-வுல என்னா பேருங்க இருக்குது?"

"எழுத்து சொல்றதுதான் என் வேல. பேரு தேடறது உங்க வேல."

சூளைக்கு வெளியே நின்று உள்ளே இருப்பதைச் சொல்கிற சுப்புராயன் என்ன செய்தார்? எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். எல்லார் சொன்னதையும் எழுதினார். யாருக்கும் தெரியாமல் கடைசிப் பக்கத்தில் தொழிற்சாலை சூப்பிரண்டின் பெயரையும் எழுதி வைத்தார். மூன்றாம் நாள் சூப்பிரண்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நான்காம் நாள் அந்தப் பெயர் அடிக்கப்பட்டது.

"ஏங்க, என்ன ஒரு வார்த்த கேக்கறீங்களா?" என்றாள் சொர்ணாம்பாள்.

"இரு, மொதல்ல பெரியவங்க ஒத்துக்கட்டும்."

பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி போயிற்று, தை போயிற்று. பாவாடை பிள்ளையைப் பாவாடை என்று கூப்பிட்டார். பழமலை வரும்போதெல்லாம் பழமலை என்று கூப்பிட்டார். கோவிந்தசாமி, "என்னடா சூளை" என்றார். சுப்புராயன் யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி, "இந்தா, இங்க பாரு" என்றார்.

நைனா முகம்மதுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, எங்கள்ல ஏழாம் நாளு முடிய எறக்கி, பேரச் சொல்லி, சோத்தப் போட்டு அனுப்பிடுவோம். நீங்க ஏன் இப்புடிப் போட்டுக் கொழப்பிக்கறீங்க?"

"பாய், இது ஆயுசு பூரா வர்ற சமாச்சாரம்."

"எங்க ஜமீந்தாருக்கு மட்டும் அர நாளைக்கா வச்சீங்க?"

ஒன்பதாம் மாதத்தில் வீட்டைப் பயம் பிடித்தது. யார் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பிள்ளை திரும்பவில்லை. காது கேட்காதோ? பாவாடை தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தார். பழமலை கைதட்டினார். "அவனுக்குக் காது நல்லாக் கேக்குது," என்று சொர்ணாம்பாள் மூன்று முறை சொன்னாள்; அதைக் கேட்கத்தான் அந்த வீட்டில் ஒரு காதும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் சோதித்துவிட்டு, "காது நல்லா இருக்குது. பேர் சொல்லிக் கூப்பிடுங்க, பாக்கலாம்," என்றார்.

இரண்டு தாத்தாக்களும் ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களைக் கூவினார்கள். டாக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்கு நெஜமான பேரு என்னங்க?"

தாத்தாக்கள் சுப்புராயன் முகத்தைப் பார்த்தார்கள்; சுப்புராயன் டாக்டர் முகத்தைப் பார்த்தார். "அப்புறம் அது எதுக்குத் திரும்பும்?" என்று கேட்டுவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். பெயர் சொல்லித்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பதினோராம் மாதம் காதுகுத்து வைத்தார்கள். சுப்புராயன் பத்திரிகை அடிக்காமல் தயங்கிக்கொண்டே இருக்க, பாவாடை ஓர் அச்சகத்தில் 'என் பேரன் பாவாடைக்கு' என்று அடித்துவிட்டார். அதே வாரம் பழமலை வேறோர் அச்சகத்தில் 'என் பேரன் பழமலைக்கு' என்று அடித்துவிட்டார். இரண்டும் ஊருக்குள் போயின. இரட்டைப் பிள்ளை என்று நினைத்துப் பாதிப் பேர் இரண்டு சட்டை தைத்து வைத்தார்கள்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் இரண்டு பத்திரிகைகளும் ஒரே கூடத்தில் சந்தித்தன. என்னென்ன பேசினார்கள் என்பதை எழுதினால் அச்சில் வராது. கடைசியில் பழமலை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சொர்ணாம்பா, புள்ளயத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு. மாமனாரு பேருன்னா கசக்கற வூட்ல நீ இருக்க வேணாம்."

"போறவங்க வழிய நாங்க அடைக்கல," என்றார் பாவாடை.

சுப்புராயன் அப்பா முகத்தைப் பார்த்தார். மாமனார் முகத்தைப் பார்த்தார். நோட்டைத் திறந்தார். குடும்பமே பிளந்துகொண்டிருக்கும்போது மனுஷன் நோட்டைத் திறந்தார்!

சொர்ணாம்பாள் அதைப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளோ வெயிலில் மணவாளநல்லூருக்கு நடந்தாள்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் நியாயம் கேட்டுப் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். களவு போன மாடு, ஓடிப்போன மருமகன், வரப்பைத் தள்ளிப் போட்ட பங்காளி, எதுவானாலும் தாளில் மனுவாக எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். தொண்ணூறு நாளில் தீர்ப்பு ஆகிவிடும் என்பது நம்பிக்கை. மனு எழுதிக்கொடுப்பவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தார்.

"யாரு மேலம்மா பிராது?"

"என் வூட்டுக்காரரு, என் மாமனாரு, எங்கப்பா. மூணு பேரு மேலயும்."

"என்னா பண்ணாங்க?"

"புள்ளைக்குப் பேரு வைக்காம இருக்கறாங்க."

எத்தனையோ வருஷமாக எழுதுகிற பேனா ஒரு கணம் நின்றது. இந்தக் குற்றம் அதற்குப் புதிது. "சரி. புள்ள இதுவா? பேரு?"

"அது இல்லன்னுதாங்க பிராதே."

"வெளங்குதும்மா. ஆனா பேரு போடாம எழுதுனா எந்தப் புள்ளைக்கு நாயம் பண்றதுன்னு சாமிக்கு எப்புடித் தெரியும்? நீ பெத்தவதான? நீயே சொல்லு."

பதினோரு மாதத்தில் அவளை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சொர்ணாம்பாள் பிள்ளையைப் பார்த்தாள். அவன் அவளுடைய தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"நானும் அவனும் தனியா இருக்கறப்ப செல்லமுத்துன்னு கூப்புடுவேங்க," என்றாள் மெல்ல. "யாருகிட்டயும் சொன்னதில்ல."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. மனு எழுதுகிறவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எழுதினார்.

சாயங்காலம் அவள் திரும்பியபோது கூடத்தில் மூன்று ஆண்பிள்ளைகளும் மூன்று மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு, ரயிலடி எல்லாம் தேடி ஓய்ந்திருந்தார்கள்.

"பிராது கட்டிட்டு வந்துட்டேன்."

"யாரு மேல?" என்று எழுந்தார் பாவாடை.

"உங்க மேலதான் மாமா. எங்கப்பா மேலயும், இவரு மேலயும். செல்லமுத்துங்கற எம்புள்ளைக்குப் பேரு வைக்காம இருக்கறாங்கன்னு எழுதிக் கட்டியிருக்குது."

"அப்ப வேற பேரு வச்சா?"

"வைங்க. நான் சாமிகிட்டப் பொய் சொன்னதா ஆயிடும். அதுக்கு யாரு பொறுப்புன்னு நீங்களே போயிப் பேசிக்கங்க."

பாவாடை உட்கார்ந்துவிட்டார். பழமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். சம்பந்தியோடு சண்டை போடலாம். கொளஞ்சியப்பரோடு யார் போடுவது?

சுப்புராயன் எழுந்து வந்தார். கையில் நோட்டு இல்லை. பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, தைரியமில்லாத குரலில் முதன்முதலாகப் பெயர் சொல்லி, "செல்லமுத்து" என்றார். பிள்ளை வெடுக்கென்று திரும்பி, இரண்டு பல் தெரியச் சிரித்தது. அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். அது இன்னொரு முறை சிரித்தது. நாலாவது முறை கூப்பிடும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வுட்டீங்களா?"

சுப்புராயன் பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அன்று அதைக் கீழே விடவில்லை.

பிறகு குடும்பமே மணவாளநல்லூருக்குப் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. காதுகுத்தும் அங்கேயே நடந்தது. தன் பெயர் இல்லாவிட்டாலும் சம்பந்தி பெயரும் இல்லை என்பதில் இரண்டு தாத்தாக்களுக்கும் பரம திருப்தி. கோவிந்தசாமி, தன் போராட்டத்தால்தான் தமிழ்ப்பெயர் கிடைத்தது என்று தொழிற்சாலையில் சொல்லிக்கொண்டார். ஜோசியர், 'ச'வும் தான் கொடுத்த எழுத்துதான் என்றார். பிள்ளையின் தாயை யாரும் பாராட்டவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. கூப்பிட்டால் பிள்ளை திரும்புகிறது.

சுப்புராயனைப் போல உலகத்தில் யாராவது இருப்பார்களா என்று நீங்கள் தலையை ஆட்டிக்கொள்வது எனக்குத் தெரிகிறது. ஆட்டுங்கள். ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லிவிடுங்கள். மேலே செல்லமுத்து என்ற பெயரைப் படித்த அந்த நிமிஷத்தில், "ப்ச், இதைவிட நல்ல பெயராக வைத்திருக்கலாமே" என்று உங்களுக்கு ஒரு நினைப்பு வந்ததா இல்லையா? வந்ததல்லவா? கையோடு வேறொரு பெயரும் வாயில் வந்திருக்குமே?

அதை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டில் இருக்கிற வீட்டுப் பக்கம் கொஞ்ச நாளைக்குப் போகாதீர்கள்.