கடைசி ஆளை முந்தக்கூடாது

என் அக்காள் பெற்ற ஒரே ரத்தினமும், செல்போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்வதில் உலகத்திலேயே தலைசிறந்தவனுமாகிய மருமகப்பிள்ளைக்கு, உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். சைக்கிள் நலமில்லை.

"மாமா, பால்கனியில நிக்கிற என் சைக்கிளை வித்துடுங்க. வாங்கறவர் ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பார்" என்று நீ அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போகும்போது, "வந்து எடுத்துக்கறேன், பத்திரம்" என்று சொல்லி என்னிடம் நீ விட்டுப்போன ஒரே பொருள் அது. அதை இனி எவருக்கும் விற்க முடியாத நிலை ஏற்பட்டுவிட்டது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். போனில் சொல்லியிருப்பேன். போனில் நீ "மீட்டிங்ல இருக்கேன் மாமா, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். அந்த அப்புறம் வருவதற்குள் மலையெல்லாம் தேய்ந்து மணலாகிவிடும். கடிதம் அப்படியில்லை. பாதியில் போட்டுவிட்டுப் போனாலும் மேஜைமேல் கிடந்து உன்னை முறைக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். நம் தெருமுனை டயர் கடை வாசலில் ஞாயிறுதோறும் ஒரு சைக்கிள் கூட்டம் கூடுகிறது. அதற்குத் தலைவி ஒரு பல் டாக்டர். கூடாரம், போர்வை, அடுப்பு எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு நகரத்திலிருந்து மலைக்கு மிதித்துப் போய், ராத்திரி அங்கே தங்கி, மறுநாள் திரும்புவதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. நான் உன் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போயிருந்தேன். (சும்மா நிற்கும் சைக்கிளுக்கும் காற்று இறங்கும், மாப்ளே. நிறுத்திவிட்டுப் போனவனுக்கு அது தெரியாது.) பல் டாக்டர் பார்த்துவிட்டு, "சைக்கிள் ஜோரா இருக்கே, நீங்க ஓட்டுவீங்களா?" என்றார். என்னைப் பார்த்தா அந்தக் கேள்வி? "லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து இந்த நகரத்து ஜனங்கள் அத்தனை பேரையும் மேலே தூக்கிவிட்டவன் நான். ஒரு மலை எனக்கு எம்மாத்திரம்?" என்றேன். "அப்ப வாங்க மாமா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் பல்லை மட்டுமல்ல, ஆளையும் ஒரே இழுப்பில் பிடுங்கும்.

மூட்டை கட்டினேன். கெட்டில், குடை, கம்பளி, ஸ்க்ரூ டிரைவர் செட், டம்ளர் இரண்டு. புறப்படும் இடத்தில் பல் டாக்டர் பையைத் திறந்து பார்த்து, "தனியாத்தானே வர்றீங்க, எதுக்கு ரெண்டு டம்ளர்?" என்று கேட்டார். "ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு" என்று சமாளித்தேன். உன் அத்தை போனதிலிருந்தே இப்படித்தான். எனக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. அது எதையும் இரண்டிரண்டாகவே எடுக்கிறது.

எனக்கு அவர்கள் கொடுத்த பதவியைக் கேட்டால் நீ எழுந்து நிற்பாய். கடைசிக் காவல். கூட்டத்தில் யாரும் தவறிவிடாமல் எல்லோருக்கும் பின்னால் வரவேண்டும். "ஒரே ரூல் மாமா. கடைசி ஆளை முந்தக்கூடாது. அவர் நின்னா நில்லுங்க, போனா போங்க. நீங்க வந்து சேர்ந்தா எல்லாரும் வந்தாச்சுன்னு அர்த்தம்" என்றார் டாக்டர். எனக்கு முன்னால் போகும் கடைசி ஆள் ஒரு ஆடிட்டர். ஆரஞ்சு நிற மேல்சட்டை. அந்த ஆரஞ்சை முந்தாமலிருப்பது எனக்குப் பெரிய சோதனையாக இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். மேம்பாலம் கடந்து, தொழிற்சாலைச் சாலை கடந்து, மலையடிவாரத்தில் முதல் வளைவு ஏறும்போது என் முழங்கால்கள் போட்ட சத்தத்தில் பறவைகள் குடும்பத்தோடு வேறு மலைக்குக் குடிபோயின. நான் மூச்சிழுத்த இழுப்பில் சாலையோர மரங்கள் என் பக்கம் சாய்ந்தன. விட்ட மூச்சுத்தான் பனிமூட்டமாக மாறி மலையை மூடியது என்பது என் கணிப்பு.

அந்தப் பனியில்தான் வினை. கெட்டில் அவிழ்ந்து உருண்டது. இறங்கி அதைத் துரத்திப் பிடித்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தால் ஒருவரையும் காணோம். பேச்சுச் சத்தம்கூட இல்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாருமே இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை நம் வீட்டில் தினமும் பயிற்சி செய்கிறவன் ஆனதால் நான் பதறவில்லை. சும்மா மிதித்தேன். சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில், அதோ, ஆரஞ்சு மேல்சட்டை வலதுபக்கம் திரும்புகிறது. அப்போது என் நெஞ்சு அடைந்த ஆறுதலை அளக்க உலகில் கருவி கிடையாது. பின்னாலேயே போனேன். அவர் நின்றார், நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், நான் கையசைத்தேன். அவர் வேகமாக மிதித்தார். ஆடிட்டருக்கு இவ்வளவு வீரியமா என்று வியந்து நானும் உயிரைக் கொடுத்து மிதித்தேன். கடைசியில் ஓர் இரும்பு கேட் முன்னால் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கையில் காற்றடிக்கும் பம்ப்போடு திரும்பினாரே, அது ஆடிட்டர் இல்லை. நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் வீட்டில் வேலை பார்க்கிறவர். அவருக்கும் ஆபீஸில் கொடுத்தது அதே ஆரஞ்சு.

"யாருய்யா நீ? நின்னா நிக்கிற, போனா வர்ற."

"நான் உங்க கடைசிக் காவல்."

"எனக்கு எதுக்குய்யா காவல்? என்கிட்ட என்ன இருக்கு?"

விளக்கினேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த பம்ப்பைக் கீழே வைத்தார். பிறகு, "இந்த ரோட்டுல என் பின்னாடி ஒருத்தர் வந்ததே இல்ல. அதான் பயந்துட்டேன். உள்ள வாங்க" என்றார். ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவர் முழுக்க மீட்டர். டீ போட்டார். அவரிடம் இருந்ததும் ஒரே டம்ளர். நான் பையிலிருந்து இரண்டையும் எடுத்து வைத்தேன். ஊதி ஊதிக் குடித்தோம். பம்ப் ஓடும் சத்தத்தில் அவர் பேசியது பாதி எனக்குக் கேட்கவில்லை, நான் பேசியது முழுதும் அவருக்குக் கேட்கவில்லை. இருந்தும் அவ்வளவு நல்ல பேச்சு எனக்கு வாய்த்து நாளாகிவிட்டது.

"வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, தேடுவாங்க" என்று சுவரிலிருந்த போனைக் காட்டினார். என் செல்போனுக்குக் காட்டில் உயிரில்லை. எனக்கு மனப்பாடமாக இருப்பது ஒரே ஒரு நம்பர். போன சனிக்கிழமை சாயங்காலம், தெரியாத நம்பரிலிருந்து உனக்கு ஒரு அழைப்பு வந்தது; கரகரவென்று சத்தம் கேட்டது; "எதுவும் வேணாங்க, சும்மா சும்மா கூப்பிடாதீங்க" என்று நீ வைத்தாய். நினைவிருக்கிறதா? அது நான்தான், மாப்ளே. "பேசிட்டீங்களா?" என்றார் பம்ப் வீட்டுக்காரர். "பேசியாச்சு, ரொம்பக் கவலைப்பட்டான்" என்றேன்.

அந்த நேரத்தில் வெளியே விசில். பல் டாக்டர் படையோடு பனியைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தார். குரல் நடுங்கியது, கோபம்தான் என்று அவரே சொன்னார். "மாமா, உங்க வேலை என்ன?"

"கடைசி ஆளுக்குப் பின்னால வர்றது."

"கடைசி ஆள் யாரு?"

பம்ப் வீட்டுக்காரரைக் காட்டினேன்.

"அவர் நம்ம ஆளே இல்ல."

"டீ குடிச்சாச்சும்மா. இனிமே நம்ம ஆளுதான்" என்றார் அவர்.

இனி சைக்கிளின் சாவுச் செய்தி. திரும்பும் இறக்கத்தில் முன்சக்கரம் எட்டாக வளைந்தது. பின்சக்கரம் என்னைவிட முன்னதாக நகரம் போய்ச் சேர்ந்தது. செயின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஹேண்டிலை ஒரு மாடு தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பொருத்தமாக இருந்ததால் நான் கேட்கவில்லை. மிஞ்சியது மணி ஒன்றுதான், அதுவும் இருமுகிறது. ஆகவே வாங்க வருகிறவரிடம் வரவேண்டாம் என்று தயவுசெய்து சொல்லிவிடு. என்னைப் பற்றி நீ கவலைப்படுகிற வழக்கம் இல்லை. புதிதாக ஆரம்பிக்கவும் வேண்டாம். வீட்டில் நிற்க இடமில்லாமல் ஒரே நண்பர் கூட்டம்.

உன் நாற்காலி உயரட்டும், உன் மீட்டிங்குகள் குட்டையாகட்டும், உன் போன் அவ்வப்போது தானாகவே என் நம்பரை அழுத்தித் தொலைக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்,
மலைப் பிராந்தியக் கடைசிக் காவல் தளபதி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாங்குகிறவர் வந்து நின்றுவிட்டார். சைக்கிளைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல்கூட இல்லையே, தினம் துடைப்பீங்களா?" என்றார். நண்பர் கூட்டம் எங்கே என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை. இது விற்பனைக்கில்லை, சொந்தக்காரன் இதில் மலைக்குப் போக வரப்போகிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்குப் பம்ப் வீட்டுக்காரர் தன் சைக்கிளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ மெதுவாகவே போ, நான் முந்தமாட்டேன். "எப்ப வர்றாரு?" என்று வாசலில் நின்று கேட்டார் அந்த மனுஷர். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன்.