நீங்கள் கொடுத்த பி.பி. மெஷின் பொய் சொல்கிறது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நீங்கள் பரிசாகக் கொடுத்த பி.பி. மெஷின் விடமாட்டேன் என்கிறது.

முப்பது வருஷமாகக் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பவன் நான். பொய்க் கருவியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இந்த மெஷின் உங்கள் தங்கைக்குச் சரியாகக் காட்டுகிறது, கீழ்வீட்டுத் தையல்காரருக்குச் சரியாகக் காட்டுகிறது, எனக்கு மட்டும் நூற்று அறுபதுக்குக் கீழே இறங்குவேனா என்று அடம் பிடிக்கிறது. டாக்டரிடமே தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு அவருடைய மெஷினில் பார்த்தார், நூற்று இருபத்திரண்டு. உங்கள் மெஷினிலும் சொல்லிவைத்தாற்போல் அதே! வீட்டுக்கு வந்து, மொட்டைமாடியில் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு இறங்கினால் நூற்று அறுபத்து நான்கு.

மறுபடி போனோம். "இங்க சரியா இருந்து வெளியில ஏறுதுன்னா அதுதான் ஆபத்து. தெரியாமலே உள்ள வேலையைக் காட்டிடும். சிகரெட் உண்டா?" என்றார் டாக்டர். பக்கத்தில் உங்கள் தங்கை. அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் நான். "விட்டு மூணு வருஷமாச்சு டாக்டர்" என்றேன். "அப்ப ஏன்னு புரியலையே" என்று நெற்றியைத் தேய்த்தார். அன்றிலிருந்து வீட்டில் உப்பு கிடையாது, நான் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டி "இருக்கீங்களா?" என்கிறாள், இருக்கிறேன் என்று தினமும் நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் என் பக்கத்து மேஜைக்காரர் முத்திரையைப் பிடித்தபடியே சாய்ந்தார், அந்தக் கை இன்னும் அசையவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இந்த மெஷினோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது. இந்தப் பார்சலிலேயே திருப்பி அனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நூறாண்டு வாழட்டும். நம்மைப் பற்றி உறுதி சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
நம்பிக்கை இழந்த, தங்கள் தங்கை கணவன்

பி.கு.: பார்சலைக் கட்டும்போது நூலைப் பிடித்துக்கொண்டே உங்கள் தங்கை கேட்டாள்: "ஆபீசர் வந்தா எல்லாத் தராசும் ஒழுங்கா நிக்கும், அவர் போனப்புறம் பார்க்கணும்னு நீங்கதானே சொல்வீங்க? டாக்டர்கிட்ட நீங்களும் அப்படித்தான் நிக்கிறீங்களா?" பிடிபட்ட கடைக்காரனைப் போலத் திருதிருவென்று விழித்தேன். பார்சலைப் பிரித்து மெஷினை எடுத்துவிட்டேன். ஆகவே தங்களுக்கு வந்திருப்பது, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்திருந்த மூன்று பாக்கெட்டும் ஒரு லைட்டரும். குப்பையில் போடுங்கள், தயவுசெய்து நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளை டாக்டரிடம் போகிறோம். "பக்கத்துல நான் இருப்பேன். ஆனா நீங்களே சொல்லுங்க" என்கிறாள்.