கட்டிலுக்கு ஒரு அகர வரிசை

சாரல் விழுந்தாச்சு. சீசன் தொடங்கியாச்சு.

ஊர் உலகமெல்லாம் குற்றாலத்தில் குளிக்க வரும். கணபதி மட்டும் கட்டிலைப் பறிகொடுப்பார். குத்துக்கல்வலசையில் சொந்த வீடு, அருவியோ பக்கத்தில். அப்புறம் சொல்ல வேண்டுமா? சீசன் முடிகிற வரைக்கும் அவர் பெண்டாட்டி மாரிசெல்வியின் பிறந்த வீட்டார் மாற்றி மாற்றி வந்து இறங்குவார்கள். மாடியில் இருப்பது ஒரே ஒரு அறை. அங்கேதான் மனுஷன் படுப்பதும், பெங்களூர் கம்பெனிக்கு மொபைல் ஆப் எழுதுவதும். விருந்தாள் வந்துவிட்டால் லேப்டாப்பும் கையுமாக அடுப்படியில் தஞ்சம். போன வருஷம் மீட்டிங் நடுவில் மிக்ஸி ஓடி, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"இந்த வருஷம் கட்டிலை விட்டுக் கொடுத்தா என் பேரு கணபதி இல்ல!" என்று சபதம் போட்டார்.

சபதத்துக்காகவே ஒரு ஆப் எழுதினார். சொந்தக்காரர்கள் பெயரைப் போட்டால் அகர வரிசையில் அடுக்கி, ஆளுக்கு ஒரு வாரம் அறையைக் கொடுத்துவிடும். அடுக்குவதற்கு ஒரே வரி கோட்தான், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார். சூழ்ச்சி பெயர்களில் இருந்தது. துபாய் சித்தப்பா இசக்கியப்பன், கனடாத் தம்பி உலகநாதன் என்று ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்காத தன் ஆட்களையெல்லாம் 'இ'யிலும் 'உ'விலும் நிரப்பினார். அவர்கள் வரப்போவதில்லை, கட்டில் காலியாகவே கிடக்கும். மாரிசெல்வி வீட்டுப் பலவேசம், பொன்செல்வி, வடிவம்மாள் எல்லாம் கடைசி. அவர்கள் முறை வரும்போது அருவியில் பாறைதான் தெரியும்.

மாரிசெல்வி போனை வாங்கிப் பார்த்தாள்.

"எங்க ஆளுவ மட்டும் கடைசில நிக்காவளே?"

"நான் என்னட்டி செய்ய? தமிழ் அப்படி. 'ப' எப்பவும் பின்னாலதான்."

"பெறவு யாரும் மாத்த முடியாதோ?"

"ஆண்டவனே வந்தாலும் முடியாது."

"அதைக் குடும்பக் குரூப்ல சொல்லிப்போடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாது பாருங்க."

கரும்பு தின்னக் கூலியா? சொன்னார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

"ஆமா, பேரை இப்படியா மொட்டையாப் போடுவாவ? முறை வேண்டாமா? குடுங்க, நான் கூப்பிடுத மாதிரி சேர்த்து அடிக்கேன்."

"தாராளமா அடி. மரியாதையில நமக்கென்ன குறைச்சல்!"

ஜெயித்த மிதப்பு. ஆப் எழுதியே தலை நரைத்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. மதியச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டினார். அப்பாடா, என்ன சுகம்!

வாசலில் ஆட்டோ நின்ற சத்தத்தில் முழிப்பு வந்தது. சிவகிரி பொன்செல்வி, பிள்ளைகள், பைகள், எண்ணெய் பாட்டில்.

"இவுக எப்படி இப்ப?" அலறாத குறை.

"முதல் வாரம் அவளுக்குத்தானே! பட்டியலைக் குரூப்ல போட்டதும் பஸ் ஏறிட்டா. உங்க ஆப்தான் சொல்லுது."

பாய்ந்து போனைத் திறந்தார். அக்கா பொன்செல்வி. அண்ணன் பலவேசம். அத்தை வடிவம்மாள். எல்லாம் 'அ', எல்லாம் உச்சியில். தம்பியைத் தேடினார். 'கொழுந்தனார் உலகநாதன்' என்று எங்கேயோ கீழே கிடந்தான். சித்தப்பா 'மாமா இசக்கியப்பன்' ஆகி அதற்கும் கீழே போயிருந்தார்.

"ஏட்டி, என்ன அநியாயம் இது!"

"நான் கூப்பிடுத முறையைத்தானே போட்டேன்? பொறந்த வீட்டு முறையெல்லாம் 'அ'வுல வந்தா அதுக்கு நான் என்ன செய்ய? தமிழ் அப்படி."

கணபதிக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் எங்கட்டி படுப்பேன்?"

"உங்களை விடுவனா? உங்களையும் சேர்த்திருக்கேன், பாருங்க."

ஒரு சின்ன நம்பிக்கை. 'க'வில் தேடினார். இல்லை.

"கட்டின புருசன் பேரை என்னிக்காவது நான் சொல்லியிருக்கேனா? கீழ தள்ளுங்க."

தள்ளினார். அண்ணன், அத்தை, கொழுந்தன், மாமன் எல்லாரையும் தாண்டி, சீசன் முடிந்து அருவி வற்றின பிறகு, அடிமட்டத்தில் ஒரு வரி இருந்தது: 'வீட்டுக்காரர்.'

சபதம் பலித்துவிட்டது. அவர் பேர் கணபதி இல்லை.