பூமி பேசிய குழி

டில்லியில் ஜார்ஜ் ராஜா முடிசூட்டு தர்பார் நடத்திய வருஷம், தாமிரபரணிக் கரையில் பூமி வாய் திறந்து பேசியது. கேட்க ஊரே திரண்டு நின்றது. பேச வைத்தவர் பெயர் மண்நாடிச் சித்தர். எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்கவில்லை. தாடி இருந்தது, போதாதா?

முந்தின ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றோரத்துப் பழைய தெரு போய்விட்டது. அன்னத்தாயின் அரிசிக்கடையும் அதோடு போயிற்று; அதற்குள் படுத்திருந்த அவள் புருஷனும் போனான். புதுத்தெருவை மேட்டில் போடலாம் என்று ஊர் கூடி முடிவு செய்தது. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் தொழுவம், நடுவே வயலுக்கு வண்டிப்பாதை. அன்னத்தாய் தன் கடைக்கு முளைக்குச்சிகூட அடித்துவிட்டாள்.

அப்போதுதான் மிராசுதார் பாபநாசம் பிள்ளை சித்தரை அழைத்துவந்தார். ஆற்றோரப் பள்ளம் முழுக்கப் பிள்ளைக்குச் சொந்தம்; தெரு அங்கேயே வந்தால் மனை வாடகை அவருக்கு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

சாஸ்திரம் சுலபம். குழி தோண்டி, அந்த மண்ணையே திரும்பப் போட வேண்டும். மிஞ்சினால் குடும்பம் தழைக்கும். குறைந்தால் வம்சம் அழியும். மேட்டில் மண் குறைந்தது. பள்ளத்தில் மிஞ்சியது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அன்னத்தாய் தான் அடித்த முளைக்குச்சியைப் பார்த்தாள். மறுபடியும் அந்தப் பள்ளமா? ஆனால் அவள் சித்தரின் காலைக் கவனித்திருந்தாள். மேட்டில் மந்திரம் சொல்லிக்கொண்டே குழிக்குள் இறங்கி மிதித்தார். பள்ளத்தில் மண்ணைப் பூப்போலத் தூவினார். மரக்காலைக் குலுக்கி அளப்பதற்கும், பொலபொலவென்று கொட்டி அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் அரிசிக்கடைக்காரிக்குத் தெரியாதா?

"சாமி, இன்னொருக்கா தோண்டுவோம். இந்தத் தடவ நான் மண்ணு போடுதேன்."

"பொம்பள தொட்டா தீட்டு!"

"வெள்ளத்துல பொணத்த இழுத்துப் போட்டது பொம்பளையதான். அப்ப தீட்டு எங்கன போச்சு?"

"போடட்டுமேவே" என்றார் எண்ணெய்க்கடை அசன் மைதீன்.

மேட்டுக் குழியில் மண்ணைத் தூவினாள். மேலே குவிந்து வழிந்தது. பள்ளத்துக் குழியில் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு மிதித்தாள்; குழி நிரம்பவில்லை.

"பூமாதேவி மனசு மாறிட்டா" என்றார் சித்தர், கமண்டலத்தைத் தேடிக்கொண்டே.

"மாறுனது மனசில்ல சாமி, காலு."

பிள்ளை வெற்றிலை துப்பப் போனவர் திரும்பவில்லை. சித்தரும் அதே வழியில் நழுவினார். கூட்டத்தில் ஒருவர் மட்டும் தலையைச் சொறிந்தார்: "என்ன இருந்தாலும் பூமி பொய் சொல்லுமா தாயி?"

அன்னத்தாய் மண்வெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"பூமியத் தோண்டுனது போதும் அண்ணாச்சி. தலைக்குள்ள ஏதும் இருக்கான்னு ஒருக்கா தோண்டிப் பாருங்க."