இருதயத்துக்குத் திங்கள், கிட்னிக்குச் செவ்வாய்

மாவடிப்பள்ளி

அன்புள்ள தம்பி அஸ்கிக்கு, உன் மூத்தவன் காக்கா காலிதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், என் இருதயமும், இரண்டு கிட்னிகளும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசும் நிலைக்கு வந்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். கட்டாரில் உன் உடம்பில் உள்ளவர்களும் ஒற்றுமையாக இருக்க துஆச் செய்கிறேன். போனில் கதைத்தால் உன் மதினி றபீக்கா கேட்டுவிடுவாள் என்பதால்தான் கடிதம்.

நான் விழுந்த அன்று, அடுத்த மாதம் சஹ்லாவின் நிக்காஹ்வில் பெண்ணைக் கொடுக்கும் வலியாக என் இடத்தில் உட்கார நீதான் வரவேண்டும் என்று மதினி அழுதாள் அல்லவா, நீ வர வேண்டாம். என் மகளை நானே கொடுப்பேன். நடந்ததைக் கேள். இருதயத்துக்கு, கிட்னிக்கு, சீனிக்கு என்று ஆஸ்பத்திரியில் ஒரு பை நிறையக் குளிசை தந்தார்கள். இருபது வருடம் வட்டவிதானையாக இருந்து ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டவன் நான். எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒருவருக்கும் தண்ணீர் சேராது என்று எனக்குத் தெரியாதா? முறை வைத்தேன். திங்கள் இருதயம், செவ்வாய் கிட்னி, புதன் சீனி, வியாழன் மறுபடி இருதயம், வெள்ளி எல்லோருக்கும் லீவு, சனி கிட்னி, ஞாயிறு சீனி. மூன்று வாரம் எவரும் முறைப்பாடு வைக்கவில்லை. நாலாவது வாரம் கால் வீங்கி, மூச்சு இளைத்து, கண்ணில் பூச்சி பறந்து, வரம்பில் நின்றவன் அப்படியே பக்கத்து வயல் ஜெமீலின் வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்துவிட்டேன். ஓடிவந்த ஜெமீல் தன் தண்ணீர் மறிபடுகிறது என்றுதான் முதலில் கத்தினாராம். பிறகுதான் தூக்கினார்.

டொக்டர் சிவரூபினி காரைதீவு வயல்காரர் ஒருவரின் மகள். என் முறையைக் கேட்டுச் சிரித்தார், பிறகு சிரிக்காமல் சொன்னார்:

"ஐயா, உங்கட உடம்புக்குள்ள ஒரு வாய்க்கால்தான். இருதயம் தள்ளுற ரத்தத்தத்தான் கிட்னி வடிக்குது. அது வடிக்காட்டி தண்ணி திரும்பி நெஞ்சில ஏறும். சீனி கூடினா ரெண்டும் பழுதாகும். இதுல ஆருக்கு நீங்க லீவு குடுத்தீங்க?"

நிக்காஹ் சபையில் என் இடத்தில் வேறொருவர் இருப்பதை நினைத்து, ஆஸ்பத்திரி வாட்டில் போர்வைக்குள் அழுதேன் தம்பி. இப்போது றபீக்கா எல்லாக் குளிசையையும் நேரத்துக்குக் கையில் வைத்து, விழுங்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சஹ்லாவுக்கும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். ஆகவே உன் லீவை வீணாக்காதே.

பிள்ளைகளுக்கு என் சலாம். தொழுகையில் என் உறுப்புகள் அனைத்தையும் பெயர் சொல்லி துஆக் கேள், ஒருவரையும் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
காக்கா காலிதீன்

பி.கு.: மாப்பிள்ளை வீட்டிலிருந்து கருப்பட்டி ஊறின வட்டலப்பம் வந்தது. உடம்பில் எல்லோரையும் கவனித்தோம், நாக்குக்கு மட்டும் இதுவரை ஒரு முறையும் கொடுக்கவில்லையே என்று நியாயம் பார்த்து மூன்று துண்டு சாப்பிட்டேன். கண்ணில் திரும்பவும் பூச்சி பறக்கிறது. மதினியிடம் சொல்லாதே. டிக்கட்டைப் போடு.