எலுமிச்சம்பழம் தேர்ந்தெடுத்த லென்ஸ்

சிவகாசி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ். அதன் மாடிப்படி முழுக்க ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கறுப்புப் பை. பச்சைப் பிள்ளையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைக்குச் சீர் தட்டி, மந்திரிக்கக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள் கண்ணுகளா. பைக்குள் இருந்தவை கேமராக்கள். வந்திருந்தவர்கள் விருதுநகர், சாத்தூர், ராஜபாளையம் ஸ்டுடியோக்காரர்கள். ஊரையே "சிரிங்க, சிரிங்க" என்று அதட்டிச் சிரிக்க வைப்பவர்கள், அன்றைக்குத் தாங்கள் சிரிக்க மறந்து காத்துக் கிடந்தார்கள்.

மாடியில் இருந்தவர் ஒளிக்கண் சித்தர். பெற்றவர்கள் வைத்த பெயர் முனியசாமி. முதலில் பைக் நம்பருக்கு ராசி சொன்னார். அப்புறம் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் கார் வரும் என்றார். கூட்டியவர்களுக்குக் கார் வந்ததோ இல்லையோ, அவருக்கு வந்தது. இரண்டாயிரத்து ஏழில் ஸ்டுடியோக்கள் எல்லாம் பிலிம் ரோலைப் போட்டுவிட்டு டிஜிட்டலுக்குத் தாவின. சித்தரும் கூடவே தாவினார்.

விஷயம் இதுதான். புதுக் கேமரா வாங்கினால் கூடவே ஒரு லென்ஸ் வரும். கொஞ்ச நாளில் அது போதாது என்று தோன்றும். இன்னொன்று வாங்கலாமென்று மதுரைக்குப் போனால், கடைக்காரர் அலமாரியைத் திறந்து குட்டை, நெட்டை, பருமன் என்று வரிசையாக எடுத்து வைப்பார். கையில் இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் காணும். எதை வாங்க? நாம் எதைப் படம் எடுக்கிறோம், எந்த வெளிச்சத்தில் எடுக்கிறோம் என்று உட்கார்ந்து யோசித்தால் விடை வந்துவிடும். ஆனால் யோசிப்பது இலவசம். தேர்தலுக்குத் தருவதைத் தவிர மற்ற இலவசங்களுக்கு நம்மிடம் என்றைக்கு மதிப்பிருந்தது?

சித்தர் யோசிக்க விடமாட்டார். லென்ஸை வாங்கி மஞ்சள் துணியில் நிறுத்துவார். நூலில் கட்டிய எலுமிச்சம்பழத்தை அதன் மேலே தொங்கவிடுவார். பழம் சுற்றினால் ராசி. அசையாமல் நின்றால் தோஷம். அதற்கப்புறம்தான் லென்ஸின் முகப்பில் எழுதியிருக்கும் எண்ணைக் கூட்டுவார்.

"நான் எண்ணப் பாத்துச் சொல்றவன் இல்லப்பா. கண்ணாடிக்குள்ள இருக்க கெரகம் பழத்தப் பிடிச்சு இழுக்கும். எண்ணு அதுக்குப் பொறகால தன்னால ஒத்துப்போகும், அம்புட்டுதான்."

தோஷ லென்ஸை அவரிடமே விட்டுவிட வேண்டும். அமாவாசையன்று வெம்பக்கோட்டை அணையில் அதற்கு ஜலசமாதி. பதிலுக்கு அவர் தருவது, திருநீறு பூத்த லென்ஸ். கண்ணாடிக்கு உள்ளே, விரல் நுழையாத இடத்தில், வெள்ளை இழையும் பொடியுமாகத் தானே படர்ந்திருக்கும். விலை, கடை விலையைப்போல மூன்று பங்கு. அதில் எடுத்த படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பனிமூட்டத்துக்குள் தொலைந்தவர்கள்போல் தெரிவார்கள். அது தெய்வ ஒளியாம். சாத்தூரில் ஒரு கல்யாண வீட்டார் தெய்வ ஒளிக்குக் காசு தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அந்த ஸ்டுடியோக்காரர், அவர்களுக்கு பக்தி போதாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்றைக்குப் படியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் பாலகுரு. திருத்தங்கலில் சின்ன ஸ்டுடியோ. நல்ல மனுசன். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டு, அது திரும்பி வரும்வரை நிற்கிற அளவுக்கு நல்லவன்.

அவனுக்கு நெட்டை லென்ஸ் மேல் ஆசை. மண்டபத்தில் அதை மாட்டிக்கொண்டு நின்றால் பந்தியில் முதல் இலை போடுவார்கள் என்று கேள்வி. அவன் மனைவி ரோஜாதான் பிடித்து நிறுத்தினாள். ஸ்டுடியோவில் பெண்களையும் பிள்ளைகளையும் படம் எடுப்பது அவள்தான். பழைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினாள்.

"பாருங்க. மண்டபத்துக்குள்ள எடுத்தது பூராம் இருட்டு. பிள்ளைக ஆடி அசைஞ்சது பூராம் கலங்கல். எட்டத்துல இருக்கதயா நாம எடுக்கோம்? ஒங்க நெட்டை லென்சு இருட்டுல இன்னும் மோசம். இந்தக் குட்டை லென்சு கண்ணை அகலத் தொறக்கும், கொஞ்ச வெளிச்சம் போதும். வெலையும் கம்மி."

"முன்ன பின்ன நகராதாமே. பெருசாக்கிப் பாக்கணும்னா?"

"அதுக்குத்தான் காலு இருக்கு. ரெண்டு எட்டு முன்னால நடங்க. தொப்பையும் கொறையும்."

வாங்கினார்கள். முகப்பில் 50 என்றும் 1.8 என்றும் எழுதிய குட்டை லென்ஸ். முதல் வேலையே பெரிய இடத்திலிருந்து வந்தது. மத்தாப்புப் பெட்டி லேபிளுக்கு ஒரு பிள்ளைப் படம் வேண்டுமென்று லேபிள் அச்சகத்திலிருந்து ஆர்டர். பாலகுருவின் அக்கா ஞானசுந்தரியின் மகள் மாரிசெல்விக்கு மூன்று வயசு. பற்றவைக்காத மத்தாப்பைக் கையில் கொடுத்து ரோஜா எடுத்த படத்தில், பிள்ளையின் சிரிப்பே பற்றிக்கொண்டதுபோல் இருந்தது. அச்சகத்தில் டிசைன் போடும் சங்கரலிங்கம் பார்த்துவிட்டு, "இது பிடிச்சிருச்சின்னா வருசாவருசம் சீசனுக்கு ஒங்களுக்குத்தான். வெள்ளிக்கிழம படத்தக் குடுத்துருங்க" என்று சொல்லியிருந்தார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். நல்லது நடந்தால் அது நிலைக்குமா என்று யாரிடமாவது கேட்டாக வேண்டும் பாலகுருவுக்கு. அதனால்தான் அந்த மாடிப்படி.

சித்தர் லென்ஸைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய், "தூசி இருக்கான்னு பாக்கேன்" என்றார். துணியில் நிறுத்தினார். பழத்தைத் தொங்கவிட்டார். பழம், ஆபீஸ் பியூன்போல அசையாமல் நின்றது.

"எண்ணைச் சொல்லு."

"அம்பது. ஒன்னு புள்ளி எட்டு."

"அஞ்சும் ஒன்னும் எட்டும் பதினாலு. ராமர் காட்டுக்குப் போன கணக்கு. இதுல பிள்ளைகள எடுத்தியா?"

பாலகுரு தலையை மட்டும் ஆட்டினான்.

"பிள்ளைக்கு ஆகாதே அப்பு. அமாவாசைக்குள்ள கொண்டாந்து ஒப்படைச்சிரு. அதுவரைக்கும் தொடாத."

படியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. பாலகுரு பஸ் பிடித்துத் திருத்தங்கலுக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்து இறங்கிவிட்டது. ஸ்டுடியோ வாசலில் ஞானசுந்தரி நின்றாள்.

"எம்பிள்ளைக்கு நேத்து ராத்திரியே காய்ச்சல் தம்பி. நான் வெயிலுன்னு நெனச்சேன். அந்தப் படத்த அழிச்சிரு. லேபிளும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பெட்டிபெட்டியா எம்பிள்ள மொகத்த ஒட்டி நெருப்பு வைக்கவா?"

மறுநாள் காது குத்துக்குப் படமெடுக்கச் சொல்லியிருந்தவர்கள் வரவில்லை. அதற்கு மறுநாள் மொட்டைக்குச் சொல்லியிருந்தவர்களும் வரவில்லை. பிள்ளை விழுங்கும் ஸ்டுடியோ என்று ஊர் பேர் வைத்துவிட்டது. பாலகுரு லென்ஸை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தான்.

"நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துர்றேன் ரோஜா. படத்தயும் அழிச்சிருவோம்."

ரோஜா கத்தவில்லை. மஞ்சள் முடிச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"குடுக்கத்தான போறீக. நானே எங்கையால குடுக்கேன். ஞானசுந்தரி மதினியையும் கூட்டிட்டு வாங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் கதவுப் பக்கத்துல நில்லுங்க. என்னயத் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிடாதீக."

காலையில் முடிச்சை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். ஆர்டரைப் பற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். வருகிறபோது முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. பாலகுரு அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டான்.

லாட்ஜ் அறையில் மூச்சு விட இடமில்லை. ரோஜா கும்பிட்டபடி லென்ஸை நீட்டினாள். சித்தர் அவளை முன்பு பார்த்ததில்லை. வழக்கம்போல் தூசி பார்த்தார். துணியில் நிறுத்தினார். பழம் தொங்கியது. ஒரு நொடி தயங்கியது. பிறகு கரகாட்டக்காரிபோலச் சுழன்றது.

"அம்பத்தொன்னு, ஒன்னு புள்ளி எட்டு. பதினஞ்சு. கூட்டுனா ஆறு. சுக்கிரன் கூரையப் பிச்சுக்கிட்டு வாரான் தாயி. எங்க வாங்குன இத?"

"மதுரையில சாமி. பிள்ளைகள எடுக்கலாமா?"

"பிள்ளைகளத்தான் எடுக்கணும். இதுல விழுந்த பிள்ளைக்கு நூறு வயசு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி. பழம் தப்பாச் சொல்லிறாதுல்ல?"

"கெரகம் தப்பாச் சொல்லுமா?"

ரோஜா லென்ஸைக் கையில் எடுத்தாள். முகப்பு வளையத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். மெல்லிய கறுப்பு லேபிள் வளையமாக உரிந்து வந்தது. அடியில் 50.

"இது எங்க வீட்டுக்காரரு போன வாரம் கொண்டாந்த அதே லென்சு. அன்னைக்கி இதுல விழுந்த பிள்ளைக்கு ஆகாதுன்னீக. இன்னைக்கி நூறு வயசுங்கீக. உள்ள இருக்க கண்ணாடி மாறல. நான் மாத்துனது ஒத்த எழுத்து. சங்கரலிங்கம் அண்ணன் டீ குடிக்க நேரத்துல அச்சடிச்சுக் குடுத்தாரு."

அறையில் யாரோ மெதுவாகச் சிரித்தார். ஒரு ராஜபாளையத்துக்காரர் தலையில் கை வைத்தார். "அம்பத்தொன்னுன்னு ஒரு லென்சே நான் கேள்விப்பட்டதில்லயே. வாசிச்சப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டாமா?"

சித்தர் கனைத்தார். "கள்ள லேபிள் ஒட்டுனா கெரகம் குழம்பத்தான் செய்யும்."

"அப்ப கெரகம் லேபிளத்தான் வாசிக்குது. சரி, இப்பிடிச் செய்வோம். இங்கன இருக்க லென்சு எல்லாத்தோட மொகப்பையும் கறுப்புத் தாள் ஒட்டி மறைச்சிருவோம். எண்ணு தெரியாது. நீங்கதான் எண்ணப் பாக்குறவரு இல்லயே. பழத்தச் சுத்தவிட்டு எது தோஷம்னு சொல்லுங்க. பொறகு எடத்த மாத்தி வச்சு இன்னொரு தடவ சொல்லுங்க. ரெண்டும் ஒத்துப்போனா இந்த லென்ச அணையில நானே போடுதேன்."

சித்தர் பழத்தைப் பார்த்தார். பழம் அவரைப் பார்த்தது.

"பழம் சோந்துபோச்சு. இன்னைக்கி இனிமே ஓடாது."

"வேற பழம் வாங்கியாரட்டுமா சாமி? கீழ ஜூஸ் கடையில நெறைய கெடக்கு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அப்போதுதான் வெம்பக்கோட்டைப் பெத்தணன் எழுந்தார். போன அமாவாசைக்கு லென்ஸைப் பறிகொடுத்தவர். கொஞ்சம் நிதானமான ஆள். ஒரு விஷயம் மண்டைக்குள் போய்ச் சேர அமாவாசைக்கு அமாவாசை ஆகும்.

"ஏன் சாமி, எல்லாத்தயும் அணையில போட்டேன்னீகளே. இந்தக் கோடையில அணையில ஏது தண்ணி? ஒரு மாசமா எங்க ஆடு உள்ளதான மேயுது. எந்த எடத்துல முக்குனீக?"

தண்ணீர் இல்லாத அணை. அந்த மாவட்டத்தில் அதை அறியாத ஆள் உண்டா? இருந்தும் அதுவரை ஒரு வாயிலிருந்தும் அந்தக் கேள்வி வரவில்லை. பக்தி வந்தால் முதலில் வற்றுவது அணை இல்லை கண்ணுகளா.

நாலு பேர் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்கள். ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய லென்ஸ்கள், ஒரு சொட்டு ஈரமில்லாமல், மதுரையில் விலைபோகத் தயாராக இருந்தன. ஜலசமாதி ஆனவை அத்தனையும் மூச்சுத் திணறாமல் உயிரோடு எழுந்தன. ஒருவர் தன்னுடையதைக் கண்டுபிடித்து, களவுபோன மாட்டை மீட்டவர்போல் அதைத் தடவினார்.

"அப்ப எனக்குக் குடுத்த திருநீறு?" என்று கேட்டார் சாத்தூர்க்காரர்.

ரோஜா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இது பூஞ்சை அண்ணாச்சி. மழைக்காலத்துல மூலையில கெடக்க செருப்புல பூக்குமே, அதே சரக்கு. ஒதவாதுன்னு தூக்கிப் போட்ட லென்சு. செருப்புல பூத்தா தொடைக்கீக. இதுல பூத்தா கும்பிடுதீக."

முனியசாமி கதவைப் பார்த்தார். கதவருகே பாலகுரு நின்றான். போன வாரம் அந்தக் காலடியில் விழுந்தவன், இப்போது கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றான். "எல்லாருக்கும் காசைத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க சாமி. அவசரம் என்ன, பழந்தான் ஓடாது." முனியசாமி மடியை அவிழ்த்தார். அவிழ்த்து முடித்ததும், யாரோ போன் போட்டு வரவழைத்த காவலர்கள் வந்து, அவரையும் பெட்டியையும் கூட்டிப் போனார்கள்.

கீழே இறங்கும்போது ஞானசுந்தரி ரோஜாவின் முந்தானையைப் பிடித்தாள். "அப்ப எம்பிள்ளைக்குக் காய்ச்சலு?"

"படம் எடுத்துட்டுப் போறப்ப ஐஸு வேணும்னு அழுதா. நீங்க மூணு குச்சி வாங்கிக் குடுத்தீக மதினி. நாந்தான் பாத்தேனே. இப்ப எப்பிடி இருக்கா?"

"காலையில இருந்து தெருவுல கெடந்து ஆடுதா." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "படத்தக் குடுத்துரு தம்பி. வெள்ளிக்கிழமைதான?"

படம் போனது. ஐப்பசியில் கடைகடையாய் மத்தாப்புப் பெட்டிமேல் மாரிசெல்வி சிரித்தாள். காது குத்தும் மொட்டையும் ஸ்டுடியோவுக்குத் திரும்பி வந்தன.

கதை இதோடு முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சித்தர் போன மறுவாரமே மூன்று ஸ்டுடியோக்காரர்கள் பாலகுருவைத் தேடி வந்தார்கள். எந்த லென்ஸ் வாங்கலாமென்று கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். பழைய படங்களைத் திறந்து பாருங்கள், எது கெட்டிருக்கிறது, ஏன் கெட்டிருக்கிறது என்று பாருங்கள், அதற்குத் தேவையான ஒன்றை மட்டும் வாங்குங்கள், தேவைப்படாத நாளில் வாங்காதீர்கள் என்று அரை மணி நேரம் சொன்னான். பொறுமையாகக் கேட்டார்கள்.

"அதெல்லாம் சரிதான் அண்ணாச்சி" என்றார் ஒருவர், குரலைத் தணித்துக்கொண்டு. "அந்த அம்பத்தொன்னு லேபிள் இன்னும் இருக்கா? ஆளு கள்ளனா இருந்தாலும், பழம் அன்னைக்கி நல்லாத்தான சுத்துச்சு. எங்க லென்சுக்கும் ஆளுக்கு ஒண்ணு ஒட்டிக் குடுத்தீகன்னா..."

பாலகுரு அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"லென்சுல ஒட்டாதீக அண்ணாச்சி. நெத்தியில ஒட்டிக்கிடுங்க. அடுத்த சாமியாருக்குத் தேடுற வேல மிச்சம்."

கேமராவுக்கு எத்தனை கண் வேண்டுமானாலும் மாற்றி மாட்டலாம் கண்ணுகளா. அதற்குப் பின்னால் நிற்கிற மண்டைக்கு மாற்று எந்தக் கடையிலும் விற்பதில்லை. இருப்பதை எடுத்து ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்கள்; தேய்ந்துவிடாது.