எழுபத்தெட்டு கிலோவுக்கு ஒரு பலகை

இந்தக் கோடைக்குள் எழுபத்தெட்டு கிலோ ஆகிவிடுவது என்று முடிவெடுத்தோம். அதாவது என் மனைவி நரெல் முடிவெடுத்தாள். நான் தலையாட்டினேன்.

"எழுபத்தெட்டுக்கு வா, நெவில். வேக்போர்டு வாங்கிடலாம்."

அப்போது நான் தொண்ணூற்றேழு. எங்கள் வீடு முல்வாலா ஏரிக்கரையில். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர்மேல் நின்று போகிறவர்களை இருபது வருடமாகக் கரையிலிருந்து பார்த்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு தடவையாவது அப்படிப் போக ஆசை. நரெலும் கூடவே நின்று பார்த்தவள்தான். உனக்கும் ஆசையா என்று நான் கேட்டதில்லை.

முதல் வாரம் முழுக்க இலைதழை. இரண்டாம் வாரம் பேக்கரி வாசலில் கார் தானாக நின்றது. சுடச்சுட இறைச்சிப் பை, மொறுமொறு மாவுக்குள் இறைச்சி, மேலே தக்காளி சாஸ். தொப்பை என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பை இருப்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

எங்கள் குளியலறைத் தராசு பழைய முள் தராசு. முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த அடியில் ஒரு திருகு உண்டு. ஞாயிறுதோறும் அதை ஒரு கிலோ பின்னால் திருப்பினேன். சில ஞாயிறுகளில் இரண்டு கிலோ திருப்ப வேண்டியிருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. முள் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. கிடக்கட்டும், காலித் தராசை யார் பார்க்கிறார்கள்?

பத்தொன்பதாவது ஞாயிறு நரெலைக் கூப்பிட்டு, அவள் கண்ணெதிரே ஏறி நின்றேன். எழுபத்தெட்டு.

"கெட்டிக்காரன்," என்றாள். என் சட்டைப் பொத்தான்களையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

வேக்போர்டு கடைக்காரர் ரஸ் அளவுப் பட்டியலை விரித்தார்.

"எடைதான் முக்கியம். கனமான ஆளுக்கு நீளப் பலகை. இல்லேன்னா தண்ணிக்கு மேலயே வராது. உங்க எடை?"

நரெல் பக்கத்திலேயே நின்றாள்.

"எழுபத்தெட்டு."

ரஸ் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பார்க்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஈரத் துணியோடவா, இல்லாமலா?"

"எழுபத்தெட்டுதான். நானே பார்த்தேன்," என்றாள் நரெல்.

"அப்போ நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர் போதும். பழக்கம் எப்படி?"

"சுமாரா வரும்," என்றேன்.

"ஆரம்ப நிலைன்னே எழுதிக்குங்க," என்றாள் அவள். "அப்புறம், பலகையில பூட்டுற காலணி விரல் பக்கம் திறந்ததா குடுங்க. எல்லா அளவுக் காலுக்கும் சேரும்."

"எல்லா அளவும் எதுக்கு? எனக்கு ரெண்டு கால்தானே?"

"வெயில் காலம். காத்து போகட்டும்."

என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன்.

சனிக்கிழமை ஏரிக்குப் போனோம். படகு பக்கத்து வீட்டு கோர்டனுடையது. ஓட்டுவது அவர். பின்னால் பார்த்துக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டும் என்பது சட்டம். அது நரெல்.

படகு இழுத்தது. நான் எழும்பவில்லை. எனக்கு முன்னால் ஏரிதான் எழும்பியது. இரண்டாம் தடவை மூக்கு வழியாகக் குடித்தேன். மூன்றாம் தடவை கோர்டன் படகை நிறுத்திவிட்டார்.

"நெவில், எதையாவது பிடிச்சுக்கிட்டு இருக்கியா? நங்கூரம் போட்ட மாதிரி இருக்கு."

"பலகை சரியில்ல."

"குடு, நான் பார்க்கிறேன்," என்றாள் நரெல்.

திறந்த காலணி அவள் காலுக்குக் கச்சிதமாகச் சேர்ந்தது. கயிறு இறுகியது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பவள்போல எழுந்து நின்றாள். ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் பட்டுப்போன மரங்களுக்கு அப்பால் வரை போய்த் திரும்பினாள். பின்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்.

படகில் ஏறியதும் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"அந்தத் தராசுல நானும்தான் ஏறுறேன், நெவில். போன வாரம் ஐம்பத்துமூணு காட்டிச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஜீன்ஸ்தான் நம்ப மாட்டேன்னுடுச்சு."

கோர்டன் இன்ஜினைக் குனிந்து பார்த்தார். அதில் பார்க்க எதுவும் இல்லை.

"உன் நிஜ எடை எவ்வளவு?" என்றேன்.

"எழுபத்தெட்டு. நீ அதுக்கு இறங்கினா ஒரே பலகையில ரெண்டு பேரும் போலாம்னு நினைச்சேன். நீ திருகை இறக்கின. சரி, பலகையாவது ஒருத்தருக்குச் சேரட்டும்னு விட்டுட்டேன்."

"எனக்கு வேற பலகை வாங்கலாமே?"

"தாராளமா வாங்கலாம். திருகை நேத்தே சரி பண்ணிட்டேன். ஏறி நின்னு பார்த்து, ரஸ்கிட்ட நீயே சொல்லு. கூச்சப்படாத, தொண்ணூற்றேழுதானே?"

இன்று காலை ஏறி நின்றேன். நூற்று மூன்று.